செம்பு வலையில் செம்பைத் தேடிய கதை

எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் படிந்த சாம்பல் துகளில் செம்பு எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது? இதைப் பார்க்க நகரத்தின் தென்கோடியில் ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் ஆய்வகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். சித்தப்பாவின் படகில் போய்ச் சேறு எடுத்தது ஒரு காலை வேலை, அவ்வளவுதான்.

முதல் முறை, விண்ணப்பத்தில் ஆய்வு வழிகாட்டியின் கையெழுத்து இருந்தது, துறை முத்திரை இல்லை. "முத்திரையோடு வாருங்கள்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர், தலை நிமிராமலே. விடியற்காலை ரயிலில் கிளம்பியதெல்லாம் வீண்.

இரண்டாம் முறைதான் வயிறு எரிந்தது. எலெக்ட்ரான் கற்றை பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உமிழும். புள்ளி புள்ளியாக அதை எண்ணித்தான் தனிம வரைபடம் உருவாகிறது. செம்புக்குரிய 8.04 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கதிர் எண்ணிக்கையின் முகடு விர்ரென்று எழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகத்துக்காக, துகளே இல்லாத இடத்துக்குக் கற்றையை நகர்த்தச் சொன்னேன். அங்கேயும் அதே முகடு! மாதிரியைத் தாங்கிய 3 மில்லிமீட்டர் வலையே செம்பு. எல்லோருக்கும் அதைத்தான் போடுவார்களாம். எந்தத் தனிமத்தைத் தேடுகிறீர்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. கட்டணம் போனது, ஒரு மாதம் காத்திருந்து கிடைத்த நேரமும் போனது.

செம்பைத் தேடுகிறவர்கள் 'மாலிப்டினம் வலை' என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கந்தகத்தைத் தேடினால் அதுவும் ஆகாது. மாலிப்டினம், கந்தகம் இரண்டின் முகடுகளும் 2.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். கழிமுக மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவாவிட்டால் உப்புப் படிகம் துகளை மூடிவிடும். நான் மூன்று முறை கழுவினேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலக்கி, கனத்தவை அடியில் தங்கியபின் மேலிருந்து ஒரு சொட்டு மட்டும் எடுத்தேன். பெரிய சாம்பல் உருண்டைகளை எலெக்ட்ரான் ஊடுருவாது.

மூன்றாம் முறை, மாலிப்டினம் வலையில் துகளில்லாத வெறும் இடத்தைத்தான் முதலில் அளந்தோம். கருவியின் உள்பாகங்களிலிருந்து வரும் சிறிய செம்பு முகடு தெரிந்தது. அதைக் கணக்கில் கழித்தோம். பிறகு, 200 நானோமீட்டர் அளவுள்ள ஓர் உருண்டை. உள்ளே சிலிக்கனும் அலுமினியமும் சீராகப் பரவியிருந்தன. விளிம்பில் இரும்பு திட்டாகப் படிந்த இடத்தில் மட்டும் செம்பு பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. "இது உங்கள் செம்புதான், தம்பி" என்றார் கருவியை இயக்கிய அக்கா. அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

கிளம்பும்போது படத்தை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தார்கள். நிறமாலையின், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ் கதிர் என்ற பதிவின், மூலக்கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கழித்த கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது.