டிவி பூசையில் பிள்ளைகளுக்கும் ஒரு வேலை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் பூசை, அதாவது கத்தோலிக்கக் கோயிலில் நடக்கிற திருப்பலி, ஓடும். என் வீட்டுக்காரரின் அம்மாவுக்காக, அதாவது அத்தைக்காகத்தான். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு அவர்களால் கோயிலுக்கு வர முடிவதில்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் ஒன்றும் தூரமில்லை, மணி அடித்தால் கட்டிலில் படுத்தபடியே வலது கையால் சிலுவை போட்டுக்கொள்வார்கள், ஆனால் வாசற்படி இறங்கவே இரண்டு பேர் தாங்க வேண்டிய நிலைமையில் அந்தப் பக்கமும் தூரம்தான். அதனால் கட்டிலை டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டு மாதா டிவியை வைத்துவிடுவோம். நானும் பிள்ளைகளும் கோயிலுக்குப் போவது தனி, அதை விடுவதில்லை. இது அத்தையோடு சேர்ந்து வீட்டில்.

போன வாரம் மறைக்கல்வி முடிந்து பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோது ஒரு அக்கா கேட்டார், "டிவில பூச போட்டா எங்க வீட்டுப் பிள்ளைக பாட்டுக்கு வெளயாடுதுக, ஒங்க வீட்டுல எப்படி ஒக்கார வைக்கிறீங்க?" நான் உட்கார வைப்பதே இல்லை. அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் நானும் உட்காரத்தான் வைத்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. டிவி என்றால் அவர்களுக்குக் கார்ட்டூன் பார்க்கிற பெட்டி, பாயில் குப்புறப் படுத்து பிஸ்கட் தின்றுகொண்டே பார்ப்பார்கள், பூசையையும் அப்படியேதான் பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் ஒருவன் ஜன்னலில் தொங்குவான், இன்னொருத்தி "மாத்துங்கம்மா" என்பாள். நான் அதட்டுவேன், அழுகை, அத்தைக்குப் பிரசங்கம் கேட்காது. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. பூசை என்றாலே அம்மா கோபப்படுகிற நேரம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுமோ என்று எனக்குப் பயமே வந்துவிட்டது.

எங்கள் ஐயா ஞாபகம் வந்தது அப்போதுதான். பாம்பனில் ஐயா வீட்டில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. இலங்கை வானொலி எங்கள் கரையில் பக்கத்து வீட்டுச் சத்தம் போலத் துல்லியமாகக் கேட்கும், மணிலாவிலிருந்து வருகிற வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்போ சிற்றலை என்பதால் இரைச்சலோடு அலை மாதிரி வந்து வந்து போகும். 1969இல் தொடங்கிய அந்த வானொலி 2018இல் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறிவிட்டது. ஐயா அந்தக் கரகரப்பை ஒரு பொருட்டாகவே நினைக்கமாட்டார். ஜெபம் என்று வந்துவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பார், ரேடியோவில் முன்பாதி சொன்னால் பின்பாதியை சத்தமாகச் சொல்வார். அவர் நின்றால் நாங்களும் நிற்போம், அவர் சொன்னால் நாங்களும் சொல்வோம். யாரும் எங்களை "நில்லு" என்று சொன்னதே இல்லை.

நானோ டிவி முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தேன். பிள்ளைகள் பார்த்தது அதைத்தானே.

அடுத்த ஞாயிறு வெங்காயத்தை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வந்து நின்றேன். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று டிவியில் ஃபாதர் சொன்னதும் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று வாய்விட்டுச் சொன்னேன். கட்டிலிலிருந்து அத்தை குரலும் வந்தது. அவர்களுக்குப் பேச்சு குழறும், ஆனால் அந்தப் பதில் மட்டும் பாதிக்கு மேல் தெளிவாக வந்தது. இத்தனை நாளும் அவர்கள் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், எங்கள் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. சின்னவன் திரும்பி அப்பத்தாவைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான். "அந்தச் சாமியாருக்கு அப்பத்தா பேசுறது கேக்குமா?" என்றான். "அவருக்குக் கேக்காது, ஆனா அவரும் அப்பத்தாவும் பேசுறது ஒரே ஆளுகிட்டதான், அவருக்குக் கேக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடுத்த பதிலை அவனும் சொன்னான். சரியாகச் சொல்லவில்லை, கடைசிச் சொல்லை மட்டும் இழுத்தான். அது போதும் என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். வேலையை வைத்துவிட்டு வந்து நின்று, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.

அப்புறம்தான் வேலை கொடுப்பது. எங்கள் பங்குக் கோயிலில் ஒரு சிஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னபோது, 1973இல் வத்திக்கான் சிறுவர்களோடு நடத்துகிற திருப்பலிக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது என்றும், பாட்டு, உடல் அசைவு, படம், அமைதி எல்லாமே பிள்ளைகளுக்குப் பங்கெடுப்புதான் என்று அதில் இருக்கிறது என்றும் விளக்கினார். கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். பிள்ளையின் கையும் காலும் ஜெபிக்கலாம் என்றால் அதை ஏன் கட்டிப்போட வேண்டும்?

எங்கள் வீட்டு ஏற்பாடு ரொம்பச் சின்னது. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பூ வேலை செய்த வெள்ளைத் துணி, இயேசு சிலுவையில் தொங்குகிற ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி. துணி விரிப்பது மகள் வேலை. மெழுகுவர்த்தியை நான்தான் பற்ற வைப்பேன், அதில் மட்டும் யாருக்கும் பங்கில்லை. ஃபாதர் என்ன நிற உடுப்பு போட்டிருக்கிறார் என்று அப்பத்தாவுக்குச் சொல்வது சின்னவன் வேலை. "அப்பத்தா, பச்ச!" என்று கத்துவான். பல வாரம் பச்சையாகவே வரும், திடீரென்று ஒரு நாள் ஊதா வரும், "ஏன் மாத்திட்டாரு?" என்று கேட்பான், தவக்காலம் என்றால் என்ன என்று அந்த ஊதாவைக் காட்டித்தான் அவனுக்குச் சொல்ல முடிந்தது. நற்செய்தி வாசிக்கும்போது நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் போடுகிற மூன்று சின்னச் சிலுவையை மகள் முதலில் தனக்குப் போட்டுக்கொள்வாள், பிறகு அப்பத்தாவின் வலது பெருவிரலைப் பிடித்து அப்பத்தாவுக்கும் போட்டுவிடுவாள்.

மணி. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாக் கடையில் ஒரு சின்ன வெண்கல மணி வாங்கியிருந்தேன், எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். எழுந்தேற்றத்தின்போது, அதாவது ஃபாதர் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற நேரத்தில், டிவியில் மணி அடிக்கும் அல்லவா, அதே நேரத்தில் இவனும் அடிக்க வேண்டும். அந்த ஒரு வேலைக்காக இவன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறான் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மணியின் நாக்கை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்துவிடாமல், முழங்காலில் நிற்பான். வாய் லேசாகத் திறந்திருக்கும். "தூயவர் தூயவர்" பாட்டு தொடங்கினால் இனி பக்கம்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது விரலை எடுத்து மூன்று தடவை அடிப்பான், உடனே மறுபடி நாக்கைப் பிடித்து நிறுத்திவிடுவான். அந்த நிமிஷம் எங்கள் வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் ஆறு மாதம் அதட்டிக் கிடைக்காத அமைதி அது.

பிரசங்க நேரம் மட்டும் இன்னும் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அப்போது நோட்டும் கலர் பென்சிலும் கொடுத்துவிடுவேன், நற்செய்தியில் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை வரையச் சொல்வேன். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. படகு, வலை, காற்று, கரையில் கரி நெருப்பு, சுட்ட மீன், நற்செய்தியில் வருகிற இதெல்லாம் இவர்கள் தினமும் பார்ப்பது.

2025 மே 4 அன்று யோவான் 21ஆம் அதிகாரம் வாசித்தார்கள், உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்க, சீடர்கள் வலை இழுக்கிற பகுதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம், அதனால் விசைப்படகுக்குப் போகிற என் வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். மற்ற நாட்களில் சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறு காலை கரைக்கு வந்து தூங்குகிறவர் அவர். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அவர் அண்ணனின் நாட்டுப்படகு வலையில் கிழிந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டு இருந்தார். பிரசங்கம் தொடங்கியதும் சின்னவன் வெளியே ஓடினான். "அப்பா, நூத்தி அம்பத்தி மூணு மீனு, வல கிழியலயாம்!" அவர் ஊசியை நிறுத்தினார். "பெரிய மீனா, சின்ன மீனா?" "பெருசுன்னுதான் வாசிச்சாங்க." கையிலிருந்த வலையை விரித்து ஒரு கண்ணியை இழுத்துப் பார்த்துவிட்டு, "ராவெல்லாம் ஒண்ணும் படாம வெறுங்கையா வந்தவனுக்கு அம்புட்டு மீனு பட்டா கை நடுங்கும்டா. பதறாம இழுத்திருக்கானுக, அதான் கிழியல" என்றார். எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத விளக்கம் அது. வலையை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்து மகன் பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

அந்தத் தடைக்காலம் எங்கள் வீட்டுக்கு வேறு ஒரு வகையிலும் மறக்க முடியாதது. ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம், நம் நேரத்துக்கு மதியம் ஒன்றரைக்குத் தொடங்கியது, எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். சாதாரண மரப்பெட்டி, அதன் மேல் நற்செய்திப் புத்தகம். "அவரு பெரிய ஆளுதானே, பெட்டி ஏன் நம்ம ஊருப் பெட்டி மாதிரியே இருக்கு?" என்று மகள் கேட்டாள். அப்புறம் மே 8 இரவு, புதிய திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வெள்ளைப் புகை வரும் என்று காத்திருந்தோம். முதல் நாள் கரும்புகை, அன்று மதியமும் கரும்புகை, இரவு ஒன்பதரை தாண்டியது, பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்க வேண்டும், ஆனால் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் கூரை மேல் ஒரு கடல்புறா நடந்துகொண்டு இருந்தது. "நம்ம கடல்புறா!" என்று சின்னவன் டிவியைத் தொடப் போய்விட்டான். தனுஷ்கோடி மணலில் பார்க்கிற பறவை ரோமிலும் இருக்கிறது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம், அதைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே வெள்ளைப் புகை வந்தது. பிறகு திருத்தந்தை பதினான்காம் லியோ மே 18இல் பணியைத் தொடங்கியபோது அவருக்கு மோதிரம் அணிவித்தார்கள். பேதுரு மீனவர் என்பதால் அதற்கு மீனவர் மோதிரம் என்றே பெயர் என்று சொன்னதும், சின்னவன் அப்பா கையை எடுத்து விரலைத் தடவிப் பார்த்தான்.

ஒரு சின்ன விஷயம், முடிந்தவரை போனில் பார்க்க வேண்டாம். ஒரு தடவை கரண்ட் இல்லாமல் போனில் ஒரு நேரலையை வைத்தோம், எழுந்தேற்றத்துக்குச் சற்று முன்பு விளம்பரம் வந்துவிட்டது, மணியோடு நின்றவன் அழுதுவிட்டான். போன் கைக்குள் இருப்பதால் பிள்ளைகளுக்குத் தள்ளிவிடவும் தோன்றும். வேறு வழியில்லை என்றால் போனை ஸ்டூலில் சிலுவைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு யாரும் தொடாமல் பாருங்கள்.

நன்மை வாங்குகிற, அதாவது ஃபாதர் கையால் நற்கருணை அப்பத்தை வாங்குகிற நேரத்தில் வருகிற கேள்விதான் எனக்குக் கடினமாக இருந்தது. டிவியில் எல்லோரும் வரிசையில் போகிறார்கள், "அப்பத்தாவுக்கு ஏன் தரமாட்டேங்குறாங்க?" மகள் கண் கலங்கிக் கேட்டாள். புனித கிளாரா கதையைச் சொன்னேன். அசிசியில் வாழ்ந்து 1253இல் இறந்தவர், ஒரு கிறிஸ்துமஸ் இரவில் நோயால் கோயிலுக்குப் போக முடியாமல் படுத்திருந்தவர், அங்கே நடந்த பூசையைப் படுத்த இடத்திலிருந்தே கண்டார் என்று சொல்வார்கள், அதை வைத்துத்தான் 1950களின் கடைசியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். "அப்பத்தாவும் அப்படித்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் ஆண்டவரை உள்ளத்தில் வரச்சொல்லிக் கேட்கிற ஜெபத்தை இப்போது மூவரும் அப்பத்தாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சொல்கிறோம். ஆனால் டிவி தராது என்பதையும் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நன்மை வாங்கக் கோயிலுக்குத்தான் போக வேண்டும், போக முடியாதவர்களைத் தேடிக் கோயிலிலிருந்து வருவார்கள்.

முதல் வெள்ளி அன்று வருவார்கள். இந்த மாதம் ஃபாதர் வந்தபோது டிவி ஓடவில்லை. யாரும் சொல்லாமலே மகள் வெள்ளைத் துணியை எடுத்து ஸ்டூலில் விரித்துவிட்டாள். ஃபாதர் நற்கருணைச் சிமிழை அதன் மேல் வைத்து, அப்பத்தைக் கையில் எடுத்து உயர்த்தியபோது மூன்று தடவை மணிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கதவோரத்தில் சின்னவன் சட்டை போடாமல் முழங்காலில், மணியின் நாக்கை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஃபாதர் அவனைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, அத்தை பக்கம் குனிந்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். அத்தை பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். பிள்ளைகள் இருவரும் காத்திருந்து, அவர்களோடு சேர்ந்து "ஆமென்" சொன்னார்கள்.