பெரியப்பாவின் டக்கோட்டா

எங்கள் வீடு பம்மலில், மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டைமாடி. கல்யாணமாகி வந்த புதிதில் விமானச் சத்தத்துக்குத் தூக்கம் கெட்டது. ஒரு வருடத்தில் காது பழகிவிட்டது. அப்புறம் பன்னிரண்டு வருடம் தலைக்கு மேல் என்ன போகிறது என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் துணி எடுக்கப் போனபோது பையன் கேட்டான், "அம்மா, இது என்ன பிளேன்?"

"பிளேன்தான்."

"அது தெரியும். என்ன பிளேன்?"

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. பேருந்தைக் காட்டி "என்ன பஸ்?" என்று கேட்டிருந்தால் 60ஆ 52ஆ என்றாவது சொல்லியிருப்பேன். விமானத்துக்கு அதுகூட வரவில்லை. அன்று தொடங்கியது.

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நேராகக் கேமரா வாங்கினேன். செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் உடல், 70-300 லென்ஸ், இரண்டும் சேர்த்து 18,000 ரூபாய். மூன்று மாதத்தில் நாலாயிரம் படம் சேர்ந்தது. அவ்வளவும் வெள்ளை வானத்தில் ஒரு கறுப்புச் சிலுவை. அதைவிட மோசம், எந்தப் படத்தில் இருப்பது எந்த விமானம் என்று எனக்கே தெரியாது. தலைக்கு மேல் எந்த விமானம் போகிறது என்று காட்டும் ஃபிளைட்ரேடார் ஆப்பைத் திறந்து, அது சொன்ன பெயரைப் படத்துக்கு வைப்பேன். அடுத்த நாள் அதே விமானம் வந்தால் மறுபடி ஆப்தான். கணக்கு எழுதுகிறவள் நான். கால்குலேட்டர் தட்டுகிறவனெல்லாம் கணக்குப்பிள்ளை ஆவதில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பையன்தான் விதி போட்டான். முதலில் வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் ஆப். தப்பாகச் சொன்னவர் மற்றவருக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தர வேண்டும். முதல் மாதம் கடலைமிட்டாய்க்கே தனி பட்ஜெட் ஆனது.

சென்னையில் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை இரண்டு வகை: ஏர்பஸ் ஏ320 குடும்பம், போயிங் 737 குடும்பம். தூரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. வேறுபாடு பிடிபட்டது வாலில். 737இன் செங்குத்து வால் முதுகோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு இருக்கும், சுவரில் முட்டுக்கொடுத்தது போல. ஏ320இல் அது கிடையாது, வால் நேராக எழும்பும். அதைவிட எளிய அடையாளம் வயிற்றில். 737இன் பின்சக்கரங்களை முழுசாக மூடும் கதவு இல்லை. சக்கரம் மடங்கி உள்ளே போன பிறகும் அடியிலிருந்து பார்த்தால் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். பையன் அதற்கு "உளுந்து வடை" என்று பெயர் வைத்தான். இப்போது எங்கள் வீட்டில் 737க்கே வடை என்றுதான் பெயர்.

ஏ320இலேயே பழையதா, புது என்ஜின் வைத்த நியோவா என்பதை என்ஜின் பருமன் சொல்லிவிடும். ஏ321 என்றால் உடம்பு நீளம். ஏடிஆர் 72 சுலபம், இறக்கை முதுகின்மேல் உட்கார்ந்திருக்கும், இரண்டு புரொப்பெல்லர். பெரியவற்றில் 777க்கு ஒவ்வொரு பின்காலிலும் ஆறு சக்கரம், பின்நுனி உளி மாதிரி தட்டையாக முடியும். 787க்கு என்ஜினின் பின்விளிம்பு ரம்பப் பல்லாக இருக்கும், இறக்கை வில்லாக வளையும். ஏ350 எனக்குப் பிடித்தது. விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, கண்மை தீட்டிக்கொண்டு வருகிற மாதிரி.

பெயர் வரத் தொடங்கியதும் படமும் திருந்தியது. இது எனக்கே ஆச்சரியம். எந்த விமானத்தில் எது அழகு என்று தெரிந்தால்தான் எந்த நொடியில் அழுத்துவது என்று தெரிகிறது.

காற்றைக் கற்றுக்கொண்டது கொடியில் காய்ந்த புடவையிடம். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், காற்றை எதிர்த்துத்தான் ஏறும். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07, மறுமுனையில் 25 என்று பெயர். அதாவது திசைகாட்டியில் சுமார் 70 பாகை, 250 பாகை. கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும், புடவை கிழக்கே பறக்கும். அப்போது விமானங்கள் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கும். எங்கள் பக்கம் ஏறிப் போகிறவை மட்டும்தான், அதற்குள் உயரம் போய்விடும். மதியத்தில் கடற்காற்று நுழைந்ததும் புடவை திரும்பி மேற்கே பறக்கும். கொஞ்ச நேரத்தில் வானமும் திரும்பிவிடும். அனகாபுத்தூர், பொழிச்சலூர் மேலாகத் தாழ்ந்து, சக்கரத்தை நீட்டிக்கொண்டு, எங்கள் மாடிக்கு வடக்கே வரிசையாக வரத் தொடங்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலும் நாள் முழுக்கவே இந்த வரிசைதான். புடவை திரும்பினால் சமையலறையில் குக்கரை இறக்கிவிட்டு மாடிக்கு ஓடுவேன். வீட்டுக்காரர் இதை வெளியாட்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வெளிச்சத்தில்தான் ஒரு வருடம் அடிபட்டேன். எங்களுக்கு விமானம் வடக்கே போகிறது. வெயில் தெற்கே இருந்தால் அதன் பக்கவாட்டில் முழுசாக விழும். டிசம்பர், ஜனவரியில் படங்கள் துலக்கி வைத்த பாத்திரம் மாதிரி வந்தன. அதே மாடி, அதே லென்ஸ், மே மாதம் எல்லாம் கறுப்பு. கேமரா கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்கே கொண்டுபோனேன். அப்புறம்தான் உறைத்தது. சென்னை இருக்கும் இடத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில் மதியப் படம் எனக்கு எதிர்வெயில். பரங்கிமலை உச்சிக்குப் போனால் கணக்கு தலைகீழ். அங்கே விமானம் மலைக்குத் தெற்கே, கிட்டத்தட்ட நம் கண்மட்டத்துக்கு இறங்கிப் போகும். ஆகவே மார்கழியில் மாடி, வைகாசியில் மலை. இவ்வளவுதான், இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு வருடம் போனது.

இன்னொன்று கானல். மதியம் தார் ரோட்டின்மேல் தெரிகிற அந்த நெளிவு, 300 மில்லிமீட்டர் லென்ஸில் பெரிதாகித் தெரியும். விமானத்தின் ஜன்னல் வரிசை நூடுல்ஸ் மாதிரி வரும். அதற்கு எந்த விலை லென்ஸிலும் மருந்தில்லை. காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின். அல்லது மழை விட்ட மறுநாள்.

போலீஸ் விஷயம். ஒருமுறை ஆர்வக்கோளாறில் விமான நிலையச் சுற்றுச்சுவர் ஓரமாக நின்று லென்ஸை நீட்டினேன். ரோந்து வந்தவர் வண்டியை நிறுத்தி, "மேடம், எந்தப் பத்திரிகை?" என்றார். பத்திரிகை இல்லை, பொழுதுபோக்கு என்றதும் அவருக்குச் சந்தேகம் கூடியது. அரை மணி நேரம் விளக்கி, படங்களை அழித்துக் காட்டி, பையனின் ஸ்கூல் ஐடி கார்டு வரை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர்மேல் தப்பில்லை. 1937ஆம் வருட விமான விதிகளில் 13ஆவது விதி, அனுமதி இல்லாமல் விமான நிலையத்தில் படமெடுப்பதைத் தடுக்கிறது. அதன் பிறகு சுவர் ஓரம் போவதில்லை. தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கம் கேமராப் பையோடு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சொந்த மாடியில் எடுக்கும்போதும் பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன், ஜன்னலை எடுக்கிறாள் என்று நாளை பேச்சு வரக்கூடாது.

தவறவிட்டதும் உண்டு. 2022 ஜூலையில் ஏர்பஸ்ஸின் பெலுகா, அந்தத் திமிங்கிலத் தலைச் சரக்கு விமானம், சென்னைக்கு வந்தது. நான் ஆபீஸில் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் இன்னும் மன்னிக்கவில்லை.

2024 அக்டோபர் 6, ஞாயிறு. மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. எனக்கு ரஃபேல், சுகோய் எல்லாம் இரண்டாம்பட்சம். டக்கோட்டா, அந்தப் பழைய இரட்டைப் புரொப்பெல்லர் விமானம், வருகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

டக்கோட்டா ஏன் என்றால், எங்கள் பிறந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கும். பெரியப்பா 1964இல் வேலைக்காக டெல்லி போனபோது மீனம்பாக்கத்தில் எடுத்தது. ஏணிப்படியின் உச்சியில் கோட் போட்டுக்கொண்டு நிற்பார். பின்னால் விமானத்தின் கதவும் இரண்டு ஜன்னலும் கொஞ்சம் உடம்பும். படத்தின் பின்பக்கம் அவர் கையெழுத்து: "டக்கோட்டாவில் டெல்லி." வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அத்தை அதைக் காட்டி, "அண்ணன் டக்கோட்டாவில் போனார்" என்பார்.

காலை ஆறு மணிக்கே பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க்கில் இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை வரை நடந்து பறக்கும் ரயிலைப் பிடித்தோம். எட்டரைக்கே மணலில் கால் வைக்க இடமில்லை. நிகழ்ச்சி 11 மணிக்கு. மதிய வெயிலில் விமானத்தின் முதுகு மின்னும், வயிறு கருத்துப் போகும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டித்தான் எடுக்க முடிந்தது. போர் விமானங்களுக்கு ஷட்டர் 1/2000 நொடி. தேஜஸ் தனி முக்கோணம், ஒற்றை என்ஜின். ரஃபேலுக்கு அதே முக்கோணத்துக்கு முன்னால் குட்டி இறக்கை ஒரு ஜோடி, என்ஜின் இரண்டு. சுகோய்க்கும் குட்டி இறக்கை உண்டு, ஆனால் வால் இரண்டு. பையன் சத்தமாகச் சொல்லச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் அவனிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

பிறகு ஹார்வர்ட், பழைய பயிற்சி விமானம். பார்ப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டது. புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுற்றுவதால் வரும் அந்த அறுக்கும் சத்தம், அந்த உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. டக்கோட்டா அதற்கு நேர்மாறு. அவசரமே இல்லாமல், கோவில் யானை நடந்து வருவது மாதிரி வந்தது.

அது VP905 என்ற எண் தாங்கியது என்பதைத் தமிழில் வி.பி. 905 என்று எழுதினால்தான் எனக்குத் திருப்தி. 1947 அக்டோபர் 27 அன்று காஷ்மீர் போருக்காக ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண். இப்போது பறப்பது அதே விமானம் அல்ல. முன்னாள் டக்கோட்டா விமானி ஒருவரின் மகனான ராஜீவ் சந்திரசேகர் இங்கிலாந்தில் புதுப்பித்து விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. 2018இல் பறந்தே இந்தியா வந்தது, பரசுராமா என்று பெயர்.

புரொப்பெல்லர் விமானத்தை 1/2000இல் எடுத்தால் இறகுகள் உறைந்து, கயிற்றில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். 1/160க்கு இறக்கி, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே அழுத்தினேன். நாற்பது படம். தேறியது மூன்று. அந்த மூன்றில் இறகுகள் வட்டமாகச் சுழல, உடம்பு மட்டும் அசையாமல் நிற்கிறது.

திரும்பி வரும் கூட்டத்தில் பையனின் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. வீடு சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அன்று அங்கே வந்தவர்களில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள் என்று. மெமரி கார்டை இரண்டு வாரம் தொடவில்லை.

தொட்டபோது அந்த மூன்று படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். டக்கோட்டாவின் ஜன்னல்கள் சிறிய சதுரம், முனை மட்டும் கொஞ்சம் மழுங்கல். பின்னால் குட்டி வால்சக்கரம். என்னவோ இடித்தது. அடுத்த வாரமே பிறந்த வீட்டுக்குப் போய்ப் பெரியப்பா படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

வால்சக்கர விமானம் தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிச் சாய்ந்து நிற்கும். அதன் பயணிகள் கதவு பின்பக்கம், தரைக்குக் கிட்டே. பெரியப்பா நிற்பதோ பத்துப் படி உயரத்தில், விமானத்தின் கோடு தரைக்குச் சமமாக ஓடுகிறது. ஜன்னல்கள் பெரிய முட்டை வடிவம். இதெல்லாம்கூடப் போகட்டும், கதவே முட்டை வடிவம். அறுபது வருடமாக எல்லோரும் பார்த்த கதவு, யாரும் கவனிக்காதது.

அந்தக் காலத்து இந்தியன் ஏர்லைன்ஸிடம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழித்தேன். ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் இல்லை, அதன் கதவு செவ்வகம். ஸ்கைமாஸ்டர் இல்லை. முட்டைக் கதவு விக்கர்ஸ் வைகவுண்ட்டுக்கு, அதிலும் 700 வரிசைக்குத்தான். 800 வரிசையில் கதவைச் செவ்வகமாக்கிவிட்டார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் 1957இல் ஓட்டத் தொடங்கியது வைகவுண்ட் 768, அதாவது 700 வரிசை. நான்கு ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் என்ஜின். டக்கோட்டாவைவிட எவ்வளவோ உசத்தி. அந்தக் காலத்தில் புரொப்பெல்லர் வைத்தது எல்லாமே ஊரார் வாயில் டக்கோட்டாதான் போலிருக்கிறது.

அத்தைக்குப் பொறுமையாக எல்லாம் விளக்கினேன். என் மெரினா படத்தையும் பெரியப்பா படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல், கதவு, படி என்று விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"சரிதான்டி. கதவு முட்டையாத்தான் இருக்கு."

பையன் படத்தைத் திருப்பி, பின்னாலிருந்த எழுத்தின்மேல் பேனாவை வைக்கப் போனான். அத்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அண்ணன் எழுதினது. நீ வேணும்னா கீழ எழுதிக்கோ."