ஒழுங்கைக் கொப்பி

31 மார்ச் 2022
இன்று 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பொடியள் பவர் பாங்க் தேடித் திரிய, அம்மம்மா ஒரு ஜாம் போத்தலோடு வந்தா. அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் திரி. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் இதுதான் வெளிச்சம். "நாங்கள் வருசக்கணக்கா இருந்தனாங்கள், உங்களுக்கு ஒரு பின்னேரம் பொறுக்கேலாது" என்று ஏச்சு வேறு.

12 ஏப்ரல்
வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோமென்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 51 பில்லியன் டொலராம். ஒழுங்கையில் காஸ் சிலிண்டரைப் பற்றித்தான் கதை.

9 ஜூன்
மண்ணெண்ணெய் வரிசையில் அடிபிடி. ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் மூன்று கானோடு நின்றிருக்கினம். பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம். ஒரு கொப்பி போட்டார்கள்: வீட்டுக்கு ஒரு பெயர், எடுத்த திகதி, எத்தனை லீற்றர். வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறவை, கடலுக்குப் போறவை, கைக்குழந்தை உள்ள வீடு எல்லாம் முதல். கிழமைக்கொருக்கால் செயலாளர் எல்லோருக்கும் கேட்க உரக்க வாசிப்பார். அந்த வாசிப்புக்குத்தான் பயம். தமிழரின் ஒற்றுமை என்று முகநூலில் உருகுகிறவர்கள் ஒருநாள் வந்து கேட்கவேணும்: அரை லீற்றருக்கு அரை மணித்தியாலம் வழக்கு. ஆனால் வழக்குப் பேசினவை அடுத்தநாள் ஒன்றாக விறகு கொத்துகினம்.

28 ஜூன்
ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுந்தான் எரிபொருள். அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ரயர் மாற்றினேன்.

14 ஜூலை
ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூரிலிருந்து ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டாராம். கொழும்பில் வெடி கொளுத்துகினம். இங்கே செயலாளர் வழமைபோல வாசித்தார். 2009இல் போர் முடிஞ்சபோது பாதுகாப்புச் செயலாளர் அவர்தான்; அதை மறக்காதவர்களுக்கு அந்தாள் போனதில் சந்தோசம் இருந்திருக்கும். ஆடிப்பாடத்தான் ஆருக்கும் தெம்பில்லை.

1 ஆகஸ்ட்
வாகனத்துக்குக் கியூ.ஆர். குறியைக் காட்டிக் கிழமைப் பங்கு எரிபொருள் எடுக்கிற முறை நாடு முழுக்க வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பெற்றோல் வரிசை குறையுமென்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு எங்கட கொப்பிதான்.

22 ஆகஸ்ட்
மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் போய்விட்டது. முறை வந்தும் காசில்லாமல் விட்டவர்களின் பெயருக்கு நேரே கொப்பியில் வெறும் கோடு. வெளிநாட்டுக் காசு வாற வீடுகள் கூடக் கட்டி அவைக்கும் சேர்த்து எடுக்கவேணுமென்று ஒரு கட்சி. அவையளும் அங்க பனிக்குள்ள நிண்டு உழைக்கிற காசுதானே என்று மற்றக் கட்சி. எங்கள் வீட்டுக்குக் கனடாவிலிருந்து மாமா அனுப்புகிறார். நான் முதல் கட்சி. அம்மா மற்றது. நாளைக்குக் கூட்டம்.