081-ஆ, 099-ஆ

அக்டோபர் 27

விமானி உரிமத் தேர்வுக்குப் படிக்கிறேன். நேவிகேஷனில் ஒரு வினா: வட அட்சரேகை 60 பாகையில், 20 பாகை தீர்க்கரேகை வேறுபாட்டில் உள்ள இரண்டு ஊர்களுக்கிடையே கிழக்கு நோக்கிப் பறந்தால், பூமியுருண்டையில் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையின் தொடக்கத் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாகப் பாகையில் எண்ணினால், என்ன? என்னிடமுள்ள வினா வங்கி 081 என்கிறது. சீனியர் அண்ணன் அனுப்பிய பிடிஎஃப் 099 என்கிறது. இரண்டிலும் செய்முறை கிடையாது.

அக்டோபர் 28

வரைந்து பார்த்தேன். வட கோளத்தில் பெருவட்டம் துருவத்தின் பக்கமாக வளைவதால், கிழக்கே புறப்படும்போது திசை 090-க்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். வழி நெடுகத் திசை மாறும் மொத்த அளவு, 20-ஐ சைன் 60-ஆல் பெருக்கினால், 17.3. அதில் பாதி ஏறத்தாழ 8.7, அதை 090-இலிருந்து கழித்தால் 081. போய்ச் சேரும் முனையில்தான் 099 வருகிறது. இதையாவது வரைந்து சரிபார்க்க முடிந்தது. விமான விதிகளைக் கேட்கும் ரெகுலேஷன்ஸ் வினாக்களை எதைக்கொண்டு சரிபார்ப்பது?

அக்டோபர் 31

அப்பா வங்கிக்குப் போய்வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 3

அதே பிடிஎஃப், விமானச் சட்டம் எது என்ற வினாவுக்கு 1934 என்று விடை தருகிறது. பாரதிய வாயுயான் அதிநியம் 2024 நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டம் விலகிவிட்டது. விமான வானொலியில் பேசுவதற்கான ரேடியோ டெலிபோனி சான்றிதழைத் தொலைத்தொடர்புத் துறையிடமிருந்து விமானப் போக்குவரத்துத் துறைக்குக் கொண்டுவரவும் புதிய சட்டம் வழிசெய்திருக்கிறது. ஆனால் கைமாறிக் கைமாறி வரும் வினா வங்கிகளில் எந்தப் பக்கம் எந்த ஆண்டில் தட்டச்சு செய்யப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. விதிகளின் மூலப் பிரதிகள் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏவின் தளத்திலும், விமானிகளுக்கான தகவல் தொகுப்பான ஏஐபி முழுவதும் விமான நிலைய ஆணையத்தின் தளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. அவை நீளம் என்பதால் நாங்கள் யாரும் திறப்பதில்லை. பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, இலவசமாகக் கிடைப்பதன்மேல் நம்பிக்கை வராமல் இருக்கிறோம் என்றும் தோன்றுகிறது.

நவம்பர் 8

விடாத மழை. ஐரோப்பியப் பாடநூலில் காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லைகளான வெப்ப முகப்புக்கும் குளிர் முகப்புக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கிறது. சென்னையில் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் அந்த வெப்ப முகப்பு வந்து சேராது. குளிர்காலத்தில் வடக்கே மழை கொண்டுவரும் மேற்கத்திய இடையூறுகளையும் வங்காளத்தின் கோடைப் புயலையும், தென்மேற்குப் பருவத்தில் நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஓடும் கீழைத் தாரைக்காற்றையும் (ஜெட் காற்று) படிக்க வேண்டுமென்றால் ஜோஷி எழுதிய விமான வானிலைப் புத்தகத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. அச்சு அழகில்லை, இருந்தாலும், தேர்வு இங்கேதான் நடக்கிறது.

நவம்பர் 9

099 என்று விடை குறித்தவர் இப்போது எந்த விமானத்தின் காக்பிட்டில் அமர்ந்திருக்கிறாரோ.

நவம்பர் 14

காலையில் எழுந்ததும் விமான நிலைய வானிலையைக் குறியீடுகளில் சொல்லும் மெட்டார் அறிக்கையை, சென்னையினுடையதைப், பிரித்துப் படிக்கும் வழக்கம் வந்துவிட்டது. இன்று 2000 மீட்டர் பார்வைத்தூரம், மழை, 1200 அடியில் 'உடைந்த' மேகம், அதாவது வானத்தின் பெரும்பகுதியை மறைப்பது. மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கிலிருந்து கணக்கிடப்படுகிறது. கோபுரத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் சொல்வது காந்த வடக்கை வைத்து. சென்னையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு பாகைதான் என்பதால், இங்கேயே படித்துப் பழகுகிறவனுக்கு அது உறைப்பதே இல்லை. இப்படி வினாத்தாளில் மாட்டிவிடக்கூடியவை இன்னும் எத்தனை இருக்கின்றனவோ என்ற நினைப்பில் இரண்டு மணிவரை தூக்கம் வரவில்லை.

நவம்பர் 19

அண்ணன் தொலைபேசியில் பேசினார். "எழுபது வந்தால் போதும் தம்பி, விடைகளை மனப்பாடம் பண்ணு, புரிந்துகொள்வதெல்லாம் லைசென்ஸ் வாங்கின பிறகு" என்றார். எல்லாத் தாள்களையும் அவர் அப்படித்தான் முடித்தார் என்பதால் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வைத்த பிறகு கோபம் வந்தது. அவர்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. 099-ஐ மனப்பாடம் செய்தவனுக்கு, நாளை கிழக்குக்குப் பதிலாக மேற்கு என்று ஒரு சொல்லை மாற்றிக் கேட்டால் என்ன மிஞ்சும்?

நவம்பர் 21

ஹால் டிக்கெட் வரவில்லை.

நவம்பர் 22

மேற்கு என்றால் 279. வரைந்தும் பார்த்துவிட்டேன். இன்றைக்கு இனி நேவிகேஷனைத் தொடுவதில்லை. டெக்னிக்கல் ஜெனரல் தாளில் ஜைரோ கருவிகள் பற்றிய பாடம் முழுவதும் அப்படியே கிடக்கிறது.