கீழாநெல்லி: விதையிலிருந்து டப்பா வரை

மூலிகைகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட நல்ல வேளாண்மை, சேகரிப்பு நெறிமுறைகளை வைத்துக்கொண்டு கீழாநெல்லி வளர்த்துப் பார்க்கிறேன். கூப்பிடாமலே தொட்டியில் முளைக்கிற செடிக்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். தானாக முளைத்த செடி எந்தத் தண்ணீரைக் குடித்தது, பக்கத்தில் யார் என்ன தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மருந்தென்று உள்ளே போகிற பொருளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

உரம் நன்றாக மக்கிய தொழு உரம் மட்டும்தான். பச்சைச் சாணம் கிருமியைக் கொண்டுவரும்.

அதிக நேரம் எடுத்தது, செடி அதுதானா என்று உறுதி செய்வது. இதோடு சிவப்புக் கீழாநெல்லியும் கலந்து முளைத்துவிடுகிறது; நின்றபடி பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காய் பிடிக்கும்வரை பொறுத்திருந்து, கிளைகளைத் திருப்பி லென்ஸில் பார்த்தேன். கீழாநெல்லிக் காய் வழவழப்பாக, மெல்லிய காம்பில் தொங்குகிறது. மற்றதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கிறது. அவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்த பிறகுதான் மனசு ஆறியது.

பனி ஈரம் உலர்ந்ததும் அறுவடை. சமூலமாக, அதாவது வேர் உட்பட முழுச் செடியாக எடுப்பதால் வேரோடு மண்ணும் வரும். அது போகாவிட்டால் ஆய்வகத்தில் அமிலத்தில் கரையாத சாம்பல் (செடியை எரித்த சாம்பலில் அமிலத்தில் கரையாமல் மிஞ்சும் மணல் போன்றவை) கூடிக் காட்டிக்கொடுக்கும். எனக்கு ஆய்வகம் இல்லை. அலசிய தண்ணீர் தெளிவாகும்வரை குடிநீரிலேயே அலசினேன். கடைசியில் வேரை விரலிடையில் தேய்த்தால் நறநறப்பு இல்லை.

தரையில் பரப்பாமல், நிழலில், வலைச் சட்டத்தின்மேல் உலர்த்தினேன். இலை பொடியாக உதிரும் என்பதால் வலைமேல் மெல்லிய பருத்தித் துணி. இங்கேதான் கவனம் வேண்டும்: இலை நொறுங்கும்போதும் தண்டு வளைகிறது. அப்படியே டப்பாவில் அடைத்தால் தண்டின் ஈரம் இலைக்கு ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். தண்டு படக்கென்று ஒடிய வேண்டும். அடுத்தடுத்து நிறுத்தாலும் எடை குறையக் கூடாது. இரண்டும் சரியான பிறகே மூடினேன். டப்பாமேல் தாவரப் பெயர், பயன்படும் பாகம், விளைந்த தொட்டி, அறுத்த தேதி எல்லாம் எழுதியாயிற்று.

விதைக்கென்று சில செடிகளை அடையாளம் கட்டி விட்டிருக்கிறேன். காய் வெடித்துச் சிதறுவதற்குள் கிளைகளுக்குத் துணிப்பை கட்ட வேண்டும்.