பட்டறையில் ஒரு கொள்கை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முதலாளியின் மகன் வந்து, “அண்ணா, வாசல்ல மாட்ட ஒரு போர்டு வேணும். எங்கள் கொள்கைன்னு தலைப்புப் போட்டு நாலு வரி எழுதிக் குடுங்க” என்றார். சரி என்று பேனாவை எடுத்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

கல்விக் கொள்கை, ஜவுளிக் கொள்கை என்று அரசாங்கம் அறிவிப்பதும் கொள்கைதான். ‘கடன் வாங்க மாட்டேன், அது என் கொள்கை’ என்பதும் கொள்கைதான். முதலாவது ஆட்சி மாறினால் மாறும். இரண்டாவது மாறினால் ஆளே மாறிவிட்டார் என்போம். இரண்டுக்கும் ஒரே சொல் என்பது எனக்கு இன்றும் நெருடல்தான்.

எதிரே கொள்முதல் பேரேடு திறந்து கிடந்தது. அதிலும் அதே ‘கொள்’. காசு கொடுத்து வாங்குவதும் கொள்வது, மனதார ஏற்பதும் கொள்வது. 899ஆம் குறளில் ‘ஏந்திய கொள்கையார்’ என்று வரும் இடத்தில் பரிமேலழகர் கொள்கைக்கு விரதம் என்று பொருள் சொல்கிறார். விரதம் என்றதும் எங்கள் பட்டறையில் வெள்ளி உருக்கும் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

அதற்கு முந்தைய தீபாவளிக்கு ஒரு வெளியூர் வியாபாரி பெரிய ஆர்டரோடு வந்தார். 80 டச் என்று முத்திரை போட்டு, உள்ளே 70 வைத்தால் போதும் என்றார். 80 டச் என்றால் 100 கிராமில் 80 கிராம் வெள்ளி. மீதியில் பெரும்பாலும் செம்பு. பழைய கொலுசை விற்கப் போகும்போதுதான் வாங்கியவருக்குக் குறை தெரியும். மகளுக்கென்று சீட்டுப் போட்டு வாங்கும் பொருள் அது. கூலி பாக்கி இருந்த நேரம், முதலாளி தயங்கினார். பெரியவர் வெள்ளி உருக்கும் மூசையை இறக்கி வைத்துவிட்டு, “அது எனக்கு ஆகாதுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க” என்றார். கொள்கை என்ற சொல் அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. ஆர்டர் கைநழுவிப் போனது. அந்தத் தீபாவளிக்கு யாருக்கும் போனஸ் இல்லை. அவர்மேல் எனக்கு அப்போது கோபம்கூட இருந்தது.

அப்புறம் ஒரே வரி எழுதினேன்: ‘எங்கள் கொலுசு சுத்தமான வெள்ளி.’ பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“சுத்தம்னு எழுதாதீங்க. 80 டச்னு எழுதுங்க.”