போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன்

மூன்று தடவை எழுதி அழித்தேன். கூட வேலை செய்கிற ஒருத்தர் மேல் வந்த புகாருக்காக ஹெச்ஆர் அனுப்பிய மெயிலில் கேள்வி ஒன்றுதான்: ஜூன் 9ஆம் தேதி மதியம் சாப்பாட்டு மேஜையில் அவர் என்ன சொன்னார், உங்கள் காதில் விழுந்தபடியே எழுதுங்கள். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கடைசியில் அனுப்பியது இரண்டே வரி. "நான் அப்போது போன் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சை முழுதாகக் கவனிக்கவில்லை."

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் எப்படி இருந்தது என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துகிற ஐஸ் துறை அதிகாரிகள் துணிக் கிடங்கில் புகுந்து ஆட்களைப் பிடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் 101 நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தது, டவுன்டவுனில் டிரைவர் இல்லாத வேமோ கார்களைக் கொளுத்தினார்கள். ஊரடங்கு போட்டது மொத்தம் ஒரு சதுர மைல் அளவுக்குத்தான், எங்கள் ஆபீஸ் அங்கிருந்து இருபது மைல் தள்ளி. புகைகூடத் தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமை மதியம் எல்லோரும் அடுத்த தெரு எரிகிற மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவர் பெயர் வேண்டாம், மூத்தவர் என்றே சொல்கிறேன். பிறந்து வளர்ந்தது கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸ். தாத்தா ஐம்பதுகளில் பிரசேரோ ஒப்பந்தத்தில் மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கு வந்தவர், பிறகு குடியுரிமை வாங்கி வீட்டு வாசலில் அமெரிக்கக் கொடி கட்டியவர். மூத்தவர் அமெரிக்க ராணுவத்தின் மரைன் படையில் இருந்தவர். வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை மரம் இருக்கிறது, திங்கட்கிழமை தவறாமல் ஒரு காகிதப் பை நிறையக் கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் வைப்பார். தோல் மெல்லிசு, கொஞ்சம் இனிக்கும், ஊறுகாய்க்கு ஏற்ற ஜாதியே இல்லை. ஆனாலும் போட்டு ஒரு பாட்டில் அவருக்குக் கொடுப்பேன். முட்டையோடு தொட்டுச் சாப்பிடுவார்.

அவர் கன்சர்வேட்டிவ், அதை ஒருநாளும் மறைத்ததில்லை. 1994இல் 187ஆவது பிரேரணை வந்தபோது ஆதரித்து ஓட்டுப் போட்டவர். சட்டப்படி வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவம் போன்ற அரசுச் சலுகை கூடாது என்ற பிரேரணை அது. இந்த மாநிலத்தில் 59 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், அப்புறம் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. நினைத்து நினைத்துச் சொல்வார், "மெக்சிகன் பேரை வச்சுக்கிட்டு அப்படி ஓட்டுப் போட்டா துரோகிங்கறாங்க. 86ல அதிபர் ரீகன், சட்டப்படி வராத இருபத்தேழு லட்சம் பேருக்குப் பேப்பர் கொடுத்தாரு. இனிமே ஆள் வைக்கிற முதலாளியைப் பிடிப்போம்னு வாக்குக் கொடுத்தாங்க. பிடிச்சாங்களா?" விவசாயத் தொழிலாளர்களுக்காகப் போராடிய சீசர் சாவேஸின் சங்கமே எழுபதுகளில் எல்லை தாண்டி வந்து கூலியை உடைக்கிற ஆட்களை எதிர்த்தது என்பார். அது உண்மைதான்.

இத்தனைக்கும் சொன்னதையே சொல்கிற கட்சி ஆள் இல்லை. அந்தத் திங்கட்கிழமைதான் நகரத்துக்கு 700 மரைன்களை அனுப்பப்போவதாகச் செய்தி. 92இல் இதே ஊரில் நடந்த கலவரத்திலும் மரைன்கள் வந்தார்கள், ஆனால் அன்றைக்கு கவர்னர் கேட்டு வந்தார்கள், இப்போது கவர்னர் வேண்டாம் என்கிறபோது வருகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை என்று அவரே சொன்னார். வருஷ ஆரம்பத்தில் எங்கள் ஆபீஸ் சுவரிலிருந்து பன்முகத்தன்மை போஸ்டர்களை ராத்திரியோடு ராத்திரியாக எடுத்தபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஒட்டினவங்களே கிழிக்கிறாங்க. நம்பி ஒட்டியிருந்தா கிழிப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, அந்த மேஜைக்கு வருகிறேன்.

போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது எரிகிற வேமோ வீடியோ. பக்கத்தில் ஒருத்தன் மெக்சிகோ கொடியை ஆட்டிக்கொண்டிருந்தான். அதை மூத்தவர் பக்கம் நீட்டி "பாத்தீங்களா இதை?" என்று கேட்டவன் நான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அந்த நாட்டுக்கு என்னை அனுப்பாதேன்னு கேக்கறதுக்கு அந்த நாட்டுக் கொடியையா தூக்கிட்டுப் போறது" என்றார். நான் தலையாட்டினேன். மரியாதைக்கு ஆட்டியதில்லை, எனக்கும் அதே எண்ணம்தான்.

எதிரே டிசைன் பிரிவில் வேலை செய்கிற பெண், இருபத்தைந்து வயதிருக்கும். தட்டிலிருந்து நிமிராமலே, "அது நாட்டுக் கொடி இல்ல, அவங்க அம்மா அப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்க. எங்க வீட்டுலயும் அந்தக் கொடி இருக்கு" என்றாள். மூத்தவர் குரலை உயர்த்தவில்லை. "அப்போ உங்க அம்மா அப்பா வாசல் வழியா வந்திருக்கணும்மா" என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

புகாரில் இருந்தது, "என் பெற்றோரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்" என்று.

இரண்டும் ஒன்றா? இதைத்தான் மாதக்கணக்காக உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். முதலாவது ஒரு கருத்து, இந்த நாட்டில் பாதிப் பேர் வைத்திருக்கிற கருத்து. எல்லை, வாசல், வரிசை என்றால் என்ன என்று நாள் முழுக்க யோசிக்கிற என்னைப் போன்றவனுக்கு அது வெறுப்புப் பேச்சாகப் படவில்லை. இரண்டாவது மிரட்டல். ஆனால் அந்த வாரம் அவள் வீட்டுப் பக்கத்தில் கார் கழுவுகிற இடத்திலிருந்து ஆள் பிடித்துப் போயிருந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். அப்படி இருக்கிற காதில் முதல் வாக்கியம் இரண்டாவதாகத்தானே போய் விழும்? அவள் வேண்டுமென்று திரித்தாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் சொல்லாததைச் சொன்னார் என்று ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. நடுவில் இருந்தவன் நான் ஒருத்தன்தான், உள்ளதை எழுதியிருந்தால் இரண்டு பேருக்குமே நியாயமாக இருந்திருக்கும்.

முதல் வரைவில் எழுதியும் விட்டேன். வீடியோ காட்டியது நான், தலையாட்டியது நான், அவர் சொன்னது இது, என்று அப்படியே. அப்புறம் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "வேலை போனா இந்த நாட்டுல இருக்க அறுபது நாள்தான் டைம். பையன் பத்தாவது படிக்கிறான். ஊர்ச் சண்டையில நீங்க ஏன் கையெழுத்துப் போடறீங்க?" என்றாள். ஹெச்-1பி வேலை விசா, கிரீன் கார்டுக்காக 2014 ஆகஸ்டில் போட்ட இபி-2 விண்ணப்பம், கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற 1990 சட்டத்தின் உச்சவரம்பு, பதினோரு வருஷக் காத்திருப்பு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தலையாட்டினேன் என்ற வரியை முதலில் எடுத்தேன். அதை எடுத்ததும் வீடியோ காட்டியதும் இருக்க முடியாது என்று பட்டது, எடுத்தேன். அதற்கப்புறம் மிச்சமிருந்தது அவர் சொன்ன வாக்கியம் மட்டும். அதை மட்டும் வைத்தால் காட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

இப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் கேட்கிறது.

அவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை, ஒரு பயிற்சி வகுப்பு, அப்புறம் வேறு கட்டடத்துக்கு மாற்றல். போவதற்கு முன்னால் என் இடத்துக்கு வந்தார். "நீ பக்கத்துலதானே இருந்தே?" என்றார். "போன் பார்த்துட்டு இருந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "ஆமா, வீடியோ பார்த்துட்டு இருந்தே" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

எங்கள் வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிப் பெற்றோரிடம் இதை எடுத்தால், நாம் வரிசையில் நிற்கிறோம், அவர்கள் சுவரேறிக் குதிக்கிறார்கள் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன், இன்றைக்கும் ஒரு நாடு தன் சட்டத்தைச் செயல்படுத்துவதில் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். கார் கொளுத்துகிறவனுக்குப் பரிந்து பேச மாட்டேன். ஆனால் வரிசையில் நிற்பதற்கு மரியாதை உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. 2024 டிசம்பரில் சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் ஒரு பதவிக்கு அறிவித்ததும் அதே வலதுசாரிக் கூட்டத்திலிருந்து எத்தனை பேர் இந்தியர்களைத் திட்டினார்கள். 2025 செப்டம்பர் 8ஆம் தேதி, இனம், மொழியை மட்டும் பார்த்து ஆட்களை நிறுத்திச் சோதிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் லாஸ் ஏஞ்சலீஸில் போட்டிருந்த தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அன்றிலிருந்து நான் காரில் விசா அனுமதிக் கடிதத்தின் நகல் வைத்திருக்கிறேன். சட்டப்படி இருப்பவனுக்கு என்ன பயம் என்று போன வருஷம் நானே ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 19ஆம் தேதி, புதிய ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்த அன்று யாருக்குப் பொருந்தும் என்று தெளிவாகாமல் ஊருக்குப் போயிருந்தவர்கள் எல்லாம் பதறிக்கொண்டு விமானம் தேடினார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. மூத்தவர். "உன் குடும்பம் எல்லாரும் இங்கேதானே இருக்கீங்க? வாசல் வழியா வந்தவங்க மேல கதவைச் சாத்தறது எனக்குச் சம்மதமில்லை." ஜூனுக்கப்புறம் அவர் அனுப்பிய முதல் செய்தி அதுதான். இருக்கிறோம், நன்றி என்று பதில் போட்டேன். மன்னிப்பு என்ற வார்த்தையை அடித்துவிட்டு அழித்தேன், இது நான்காவது தடவை.

இன்னொன்று இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. புகாரில் என் பெயர் சாட்சியாக மட்டும்தான் இருந்தது. நான் தலையாட்டியதை அவள் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் அவள் நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள், மேஜை அகலம் மூன்றடிகூட இருக்காது. நவம்பரில் ஒருநாள் லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "உங்க கிரீன் கார்டு தேதி நகர்ந்துச்சா?" என்று கேட்டாள். நான் விசாவில் இருப்பது அவளுக்குத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இன்னும் 2013இல் விண்ணப்பித்தவர்களிடமே நிற்கிறது என்றேன். "சீக்கிரம் வரட்டும்" என்றாள். நான்காவது மாடியில் இறங்கிப் போனாள். அன்றைக்கு ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் கதவு மூடிவிட்டது.